இயந்திரங்களில் பழைய பெயின்ட்டை உரிப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

மழை ஓய்ந்து, பகலில் நல்ல வெயில் கிடைக்கும் தை, மாசி மாதங்களில்தான் நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் பெயின்ட் வேலைகள் நடக்கின்றன. அதற்கேற்ப, இந்த முறை மலையிலிருந்து வந்த கேள்விகளில் பலவும் இரும்பு இயந்திரங்களிலிருந்து பழைய பூச்சை நீக்குவது பற்றியே இருந்தன. பொதுவாகப் பயன்படக்கூடிய ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டு, முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆர்த்தோடாக்ஸ் தேயிலை உருட்டும் பழைய வார்ப்பிரும்பு ரோலர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். அதன் மேல் பச்சை, சாம்பல், மறுபடியும் பச்சை என்று பல பூச்சுகள் இருக்கின்றன. சில இடங்களில் உரிந்து தொங்குகிறது. சில இடங்களில் கல்லைப்போல் இறுகியிருக்கிறது. ப்ளோ லாம்ப் வைத்து எரித்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் பெயின்டர். கீழே சமவெளிக்கு அனுப்பி மணல் பீய்ச்சி எடுப்பதே நல்லது என்கிறார் ஃபிட்டர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: எரிக்கும் யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள். அந்த வயதுள்ள இயந்திரத்தின் பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். இரும்பைத் துருவிலிருந்து காப்பதற்கு ஒரு காலத்தில் ஈயச் செந்தூரத்தை (ரெட் லெட் என்ற ஆரஞ்சு நிற ஈய ஆக்சைடை) எண்ணெயில் குழைத்து முதற்பூச்சாகப் பூசினார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சில வகைப் பச்சை நிறங்களுக்கு ஈயக் குரோமேட்டைச் சேர்த்தார்கள். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்; அதுவும் வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பூசும் பெயின்ட்டுகளுக்கான விதியே தவிர, தொழிற்சாலைப் பெயின்ட்டுகளுக்கானது அன்று. ப்ளோ லாம்பின் தீ பட்டால் பூச்சிலுள்ள ஈயம் கண்ணுக்குத் தெரியாத நுண்புகையாக எழுந்து, பிடித்திருப்பவருடைய மூச்சில் நேராகப் போகும். அவருடைய சட்டையில் படிந்த தூசு லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கும் குழந்தைகள் வரை சென்று சேரும். ஈயத்தைப் பொறுத்தவரை கெடுதல் இல்லாத அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. வளரும் மூளையை அது நிரந்தரமாகப் பாதிக்கிறது. ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்துவதற்காக இந்த ஆபத்தை யாருடைய வீட்டுக்கும் அனுப்பக் கூடாது. இது போதாதென்று, கனமான வார்ப்பிரும்பில் ஓரிடத்தை மட்டும் தீயால் சுட்டால் அது வெடிப்பு விடவும் கூடும்.

சுரண்டிய இடத்தில் இரும்பை ஒட்டினாற்போல் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் ஈயச் செந்தூரம். மங்கிய செங்கல் நிறமானால் ரெட் ஆக்சைடு என்ற இரும்பு ஆக்சைடுப் பூச்சாக இருக்கலாம். ஆயினும், நிறத்தை மட்டும் பார்த்து ஈயமில்லை என்று முடிவுகட்டுவது சரியன்று.

ஃபிட்டர் சொல்வதில் பாதி சரி. கழற்றப்பட்ட கால்கள், சட்டங்கள் போன்ற கனமான வார்ப்புகளை மூடிய அறையில் வைத்து, காப்பர் ஸ்லாக் (தாமிரக் கசடு), கார்னெட் (ஒரு வகைக் கடினக் கல்மணி) அல்லது எஃகுக் குறுமணி கொண்டு பீய்ச்சினால் மிகச் சுத்தமான பரப்பு கிடைக்கும். ப்ரைமர் (முதற்பூச்சு) கவ்விப் பிடிப்பதற்கான நுண்ணிய சொரசொரப்பும் உண்டாகும். ஆனால் ஆற்றுமணல் வேண்டாம். உடைந்து பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோயை உண்டாக்குகிறது. அந்த நோய்க்கு மருந்து கிடையாது. அதேபோல, ரோலரைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பினால் குறுமணி பேரிங், புஷ், எண்ணெய்த் துளை என எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துவிடும். உருட்டும் மேசையிலுள்ள பித்தளைப் பட்டைகளும் வீணாகிவிடும்.

இனி என் யோசனையைச் சொல்கிறேன். இயந்திரம் முழுவதையும் வெறும் இரும்பாக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எங்கே பழைய பூச்சு இரும்பை விட்டுவிட்டதோ அங்கே மட்டும் அடிவரை எடுக்க வேண்டும். எங்கே இறுகப் பிடித்திருக்கிறதோ அங்கே அதுவே நல்ல அடித்தளம், ஈயம் இருந்தாலும் அது அடியில் அடைபட்டுக் கிடக்கும். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை போதும். கூர்மையான கத்தியால் இரும்பு வரை இறங்கும்படி பெருக்கல் குறிபோல் இரண்டு கீறல்கள் போட்டு, அதன் மேல் நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கீறலின் ஓரம் பிசிறின்றி நின்றால் அந்த இடத்தை விட்டுவிடலாம். பூச்சு டேப்போடு வந்துவிட்டால் அந்தப் பகுதியை முழுவதும் எடுக்க வேண்டும். இந்தச் சோதனையை ஓரிடத்தில் செய்துவிட்டு நிறுத்தாமல் எண்ணெய் வழியும் இடம், தரையை ஒட்டிய இடம், நீராவி படும் இடம் என்று பல இடங்களில் செய்ய வேண்டும்.

சுரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் எண்ணெயையும் கிரீஸையும் எடுத்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பிறகு சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் பிரஷ்ஷும் உப்புத்தாளும் கிரீஸை இரும்பின் நுண்துளைகளுக்குள் தேய்த்து ஏற்றிவிடுகின்றன. பிறகு எத்தனை தின்னர் போட்டாலும் அது முழுவதும் வெளியே வருவதில்லை.

சுரண்டும் வேலையை ஈரத்தோடு செய்ய வேண்டும். கீழே தார்ப்பாய் விரித்து, கைத்தெளிப்பானால் தண்ணீர் தெளித்துக்கொண்டே, கார்பைடு முனை வைத்த சுரண்டியையோ, தேய்ந்த அரத்தைச் சாணை பிடித்துச் செய்த சுரண்டியையோ உங்களை நோக்கி இழுங்கள். முனை மழுங்கிய சுரண்டி பூச்சின் மேல் வழுக்கிக் கோடு போடும். கூர்மையான சுரண்டி, உரிந்த இடத்தின் ஓரத்தில் நுழைந்து, மூன்று நான்கு பூச்சுகளையும் ஒரே சில்லாகப் பெயர்த்தெடுக்கும். பூச்சு நன்றாகப் பிடித்திருக்கும் எல்லை வந்ததும் சில்லு சிறுத்துப் பொடியாகத் தொடங்கும். அங்கேயே நிறுத்திக்கொண்டு, 80ஆம் எண் நீர் உப்புத்தாளால் அந்த ஓரத்தைச் சரிவாகத் தேய்த்தால், இரும்பு, ஆரஞ்சு, சாம்பல், பச்சை என்று ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாகத் தெரியும். விரலை அந்த வளையங்களின் குறுக்கே ஓட்டினால் படி தட்டக் கூடாது. தட்டினால் புதிய எனாமலுக்குக் கீழே அது அப்படியே கோடாகத் தெரியும். வேலை செய்பவர் சாதாரண துணி முகமூடிக்குப் பதிலாக நுண்தூசு வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி அணிய வேண்டும். வேலையிடத்தில் டீயோ வெற்றிலையோ கூடாது; வேலைச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ்ஷைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஈயப் பூச்சின் மேல் அதை ஓட்டினால் தூசு பட்டறை முழுவதும் பரவும். ஈயமில்லாத பூச்சிலும், வேகமாகச் சுழலும் பிரஷ் பெயின்ட்டைச் சூடாக்கி மெழுகுபோல் இழுவி விடுகிறது; பரப்பு பளபளவென்று இரும்பைப்போலவே தெரியும். வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்து அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் பச்சை ஏறினால் அது இன்னும் இரும்பாகவில்லை என்று பொருள். தேயிலைத் தொழிற்சாலைக்குள் இந்தப் பிரஷ்ஷுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. அதிலிருந்து தெறிக்கும் கம்பித் துண்டுகள் இலையில் கலக்கும். ஒரு கிலோ தேயிலையில் இரும்புத் துகள் 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. கொழுந்து படும் எந்தப் பரப்பிலும் பிரஷ்ஷும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம்.

கெயின்ஸ்பரோவின் மார்ஷல், பெல்ஃபாஸ்ட்டின் டேவிட்சன் போன்ற நிறுவனங்களின் பழைய இயந்திரங்களில் பெயர் வார்ப்பிலேயே புடைத்த எழுத்துகளாக இருக்கும். உங்கள் ரோலரிலும் அப்படி இருந்தால் அங்கே சுரண்டி வேண்டாம். பென்சைல் ஆல்கஹால் வகை உரிப்பான் ஜெல்லைத் தடவி, பாலிதீன் தாளால் மூடி, ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் நைலான் பிரஷ்ஷால் எடுங்கள். மலைக்குளிரில் எந்த உரிப்பானும் மெதுவாகவே வேலை செய்யும். டப்பாவில் அரை மணி என்று போட்டிருந்தால் அது சமவெளியின் வெயிலுக்கான கணக்கு.

கேள்வி: பட்டறையிலுள்ள பழைய லேத்தின் பெயின்ட்டைக் காஸ்டிக் சோடா கரைசலால் எடுத்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் கியர் பெட்டியின் மேல்மூடி நுரைத்துக் கறுத்துவிட்டது. வழவழப்பாக இருந்த உடல்பகுதி இப்போது மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. காஸ்டிக் இரும்பையும் அரித்துவிட்டதா?
– வாசகர், குன்னூர்

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு. மூடி அலுமினிய வார்ப்பாக இருக்க வேண்டும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் கரைக்கிறது. நீங்கள் பார்த்த நுரை அப்போது வெளியேறிய ஹைட்ரஜன். அது தீப்பற்றும் வாயு என்பதால் மூடிய அறையில் இப்படி நடப்பது ஆபத்து. வேலையைத் தொடங்கும் முன் ஒரு சிறிய காந்தத்தை ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பார்த்து, ஒட்டாதவற்றைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். கறுத்த மூடியை நன்றாகக் கழுவி, நைலான் பஞ்சால் தேய்த்து, எட்ச் ப்ரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் முதற்பூச்சு) பூசினால் போதும்.

வார்ப்பிரும்பைக் காஸ்டிக் அரிப்பதில்லை. இப்போது தெரியும் மேடுபள்ளம் அந்த லேத்தின் பிறவி முகம். மண் அச்சில் ஊற்றிய வார்ப்பு சொரசொரப்பாகத்தான் வெளிவரும். செய்த இடத்திலேயே கனமாகப் பட்டி (குழிகளை நிரப்பும் பசை) வைத்துத் தேய்த்து வழவழப்பாக்கி, அதன் மேல் பெயின்ட் அடித்துத்தான் விற்றார்கள். நீங்கள் பெயின்ட்டோடு அந்தப் பட்டியையும் எடுத்துவிட்டீர்கள். பழைய தோற்றம் வேண்டுமென்றால் மீண்டும் பட்டி பார்க்க வேண்டும். ஆனால் வெறும் இரும்பின் மேல் நேராக வைக்காதீர்கள். பாலியெஸ்டர் பட்டி காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால் மலையில் அதன் அடியிலேயே துரு தொடங்கிவிடும். முதலில் எபாக்ஸி ப்ரைமர், அது காய்ந்தபின் பட்டி, அதைத் தண்ணீரில்லாமல் உலர்வாகத் தேய்த்தபின் மறுபடியும் ப்ரைமர் என்ற வரிசையே நிலைக்கும். சிறு குழிகளுக்கு மட்டும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியை மெல்லியதாக இழுக்கலாம். கனமாக வைத்தால் அது சுருங்கி வெடிக்கும்.

காஸ்டிக் பயன்படுத்தும் மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ என்ற அளவு போதும். தண்ணீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும்; காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். முகக்கவசமும் முழங்கை வரை ரப்பர் கையுறையும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது, ஏனென்றால் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போய்விடக்கூடும். எண்ணெய் அடிப்படையிலான எனாமலை இது சோப்பாக மாற்றிக் கரைக்கும். எபாக்ஸி, பாலியூரித்தேன் பூச்சுகளிடம் இதன் வேலை நடக்காது. முடிந்தபின் பலமுறை கழுவி, நீர்த்த வினிகரால் துடைத்து, மறுபடியும் கழுவி, லிட்மஸ் தாளை ஈரப்பரப்பில் ஒட்டிப் பாருங்கள். சிவப்புத் தாள் நீலமானால் காரம் இன்னும் இருக்கிறது; அதன் மேல் அடிக்கும் புதிய எனாமலையும் அது அடியிலிருந்து சோப்பாக்கிவிடும்.

கேள்வி: கடையில் வாங்கிய பெயின்ட் ரிமூவரை அறைக்குள் வைத்துப் பயன்படுத்தினேன். சிறிது நேரத்தில் தலைசுற்றல், தலைவலி. மழை என்பதால் கதவு, ஜன்னல்களை மூடியிருந்தேன். முகமூடி போட்டிருந்தும் ஏன் இப்படி?
– வாசகர், கூடலூர்

பதில்: டப்பாவில் மெத்திலீன் குளோரைடு அல்லது டைகுளோரோமீத்தேன் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் அதுதான். சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் இந்தத் திரவம் அறை வெப்பத்திலும் வேகமாக ஆவியாகும். ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரை மட்டத்திலும் தொட்டிகளுக்குள்ளும் தேங்கி நிற்கும். உடலுக்குள் போனபின் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறி இரத்தத்தின் ஆக்சிஜனைத் தடுக்கிறது. மூடிய அறைகளில் இதைப் பயன்படுத்தியவர்கள் இறந்திருக்கிறார்கள். அதனாலேயே அமெரிக்கா 2019இல் பொதுமக்களுக்குப் பெயின்ட் ரிமூவராக இதை விற்பதைத் தடை செய்தது. தூசு முகமூடி எந்த ஆவியையும் தடுக்காது. கரி வடிகட்டிகூட இந்த ஆவிக்கு விரைவில் பயனற்றுப் போகும். சாதாரண ரப்பர் கையுறையையும் நைட்ரைல் கையுறையையும் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். மழையில் திறந்த வெளி கிடைக்காத நாளில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். இருதய நோய் உள்ளவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: எங்கள் கேரட் கழுவும் இயந்திரத்துக்கு ஆனி மாதம் பெயின்ட் அடித்தோம். லோடு வருவதற்கு முன் முடிக்க வேண்டுமென்று விடியற்காலையில் அடித்தோம். ஆறு மாதத்துக்குள் ஆங்கிள் சட்டத்தில் கொப்பளம் விட்டு உள்ளே துருநீர் நிற்கிறது. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டிலோ பெயின்ட் தோல்போல உரிகிறது. பெயின்ட் போலியா?
– வாசகர், கேத்தி

பதில்: பெயின்ட்டைக் குறை சொல்வதற்கு முன் அடித்த நேரத்தைப் பாருங்கள். கனமான இரும்பு இரவின் குளிரை வெகுநேரம் தன்னுள் வைத்திருக்கும். காலையில் காற்று 18 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 16 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான வெப்பத்திலேயே அந்த ஈரம் நீராகப் படியத் தொடங்கிவிடும். அப்போது உங்கள் சட்டம் 14 டிகிரியில் இருந்தால், பார்வைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. நீங்கள் அந்த நீரின் மேல் ப்ரைமர் அடித்திருக்கிறீர்கள். ஈரம் படியும் வெப்பநிலையைவிட இரும்பு குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலில் எங்கும் பின்பற்றப்படும் அளவு. வெப்பமானியும் ஈரமானியும் சேர்ந்த சிறு கருவி ஒன்றைச் சுவரில் மாட்டிவிடுங்கள். கருவி இல்லாவிட்டால், ஈரத்துணியால் இரும்பில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் அது காயாவிட்டால் அன்றைய நேரம் பெயின்ட்டுக்கு உகந்ததல்ல. மலையில் பெரும்பாலும் முற்பகல் பதினொரு மணிக்குத் தொடங்கி, மூடுபனி இறங்குவதற்கு முன் நிறுத்திவிடுவதே நல்லது.

ஜிஐ தகட்டின் கதை வேறு. துத்தநாகப் பூச்சின் மேல் சாதாரண எனாமலை நேராக அடித்தால், எனாமலின் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பு போன்ற படலத்தை உண்டாக்குகின்றன. ஈரம் பட்டதும் பெயின்ட் அதன் மேல் வழுக்கிக் கழன்றுவிடும். உரிந்ததை முழுவதும் எடுத்துவிட்டு, துத்தநாகம் போகாதபடி நைலான் பஞ்சால் மட்டும் தேய்த்து, எட்ச் ப்ரைமரோ ஜிஐக்கென்றே வரும் எபாக்ஸி ப்ரைமரோ பூசுங்கள். இங்கே காஸ்டிக் கூடாது.

சட்டத்தில் கொப்பளங்களை உடைத்துத் துருவை எடுத்தபின் குழிகளைக் குனிந்து பாருங்கள். குழியின் அடியில் கறுப்புப் புள்ளிபோல் ஒட்டியிருக்கும் துருதான் அடுத்த கொப்பளத்தின் விதை. ஊசிமுனைக் கருவியாலோ சிறு உளியாலோ அதைக் குத்தி எடுத்துவிட்டுக் கழுவி, சூடான காற்றால் உலர்த்தி, அன்றே, முடிந்தால் நான்கு மணி நேரத்துக்குள், துத்தநாகப் பாஸ்பேட் ப்ரைமரின் முதல் கையை அடித்துவிட வேண்டும். வெறும் இரும்பை இரவு முழுவதும் விட்டுவைத்தால் காலையில் மஞ்சள் துரு பூத்திருக்கும். ஓரங்களிலும் வெல்டிங் மீதும் பெயின்ட் தானாகவே மெலிந்துவிடும் என்பதால், அங்கே பிரஷ்ஷால் ஒரு கை கூடுதலாக இழுத்துவிட்டுப் பிறகு முழுப்பரப்புக்கும் அடியுங்கள். கேரட் உருளும் டிரம்மின் உட்புறத்துக்கு எந்தப் பெயின்ட்டும் அடிக்காதீர்கள்.

கேள்வி: நீலகிரித் தைலத்தால் பழைய பெயின்ட்டை எடுக்கலாம் என்கிறார்களே?
– வாசகர், மஞ்சூர்

பதில்: மோட்டாரில் ஒட்டிய பழைய லேபிளின் பசையையும் இறுகிய கிரீஸையும் அது நன்றாக எடுக்கும். பல ஆண்டுகளாக இறுகிய எனாமலை உரிக்கும் வலிமை அதற்கு இல்லை. எளிதில் தீப்பற்றும் என்பதால் ஹீட் கன் அருகே வைக்காதீர்கள். துடைத்த இடத்தில் எண்ணெய்ப்பசை தங்காதபடி தின்னரால் ஒருமுறை துடைத்துவிட்டே ப்ரைமர் அடியுங்கள்.

கேள்வி: சுரண்டிய பெயின்ட் சில்லுகளையும் கழுவிய நீரையும் என்ன செய்வது? இதுவரை ஷெட்டுக்குப் பின்னால் கொட்டி வந்தோம்.
– வாசகர், உதகை

பதில்: தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். நம் ஓடைகளில் பெரும்பாலானவை பவானியிலோ மோயாற்றிலோ போய்ச் சேர்கின்றன. அதற்கு முன் வழியிலுள்ள கிணறுகளுக்கும் கேரட், பீன்ஸ் தோட்டங்களுக்கும் அதே நீர்தான் போகிறது. ஈயம் மண்ணில் மக்குவதில்லை. கழுவிய நீரை ஒரு டிரம்மில் தேக்கி, கசடு அடியில் படிந்தபின் மேல்நீரைத் துணியால் வடிகட்டி அடுத்த சுரண்டலின்போது தெளிப்பதற்கே பயன்படுத்தலாம். சில்லு, கசடு, உப்புத்தாள், துடைத்த வேஸ்ட் ஆகியவற்றைத் தடித்த பாலிதீன் பையில் கட்டி, மூடியுள்ள தகர டிரம்மில், மழை படாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள். இவற்றை அடுப்பிலோ பாய்லரிலோ போடுவது ப்ளோ லாம்பால் எரிப்பதற்குச் சமம். டிரம் நிறைந்ததும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அபாயக் கழிவுகளை எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள். அக்கம்பக்கத்துப் பட்டறைகள் சிலவற்றோடு சேர்ந்து அனுப்பினால் வண்டி வாடகையும் குறையும்.